எக்ஸ்ரே வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது?

தோழர்களே,

இதழ் இந்த முறையும் தாமதம். கையில் காசில்லாதது ஒரு காரணம். இன்னொரு காரணம், எங்கள் காலனியில் காசநோய்த் தடுப்பு வேலையில் இறங்கியிருந்தோம். அதைப் பற்றியே இந்தத் தலையங்கம்.

நான் வங்கி கிளார்க். 2023இல் ஒரு நாள் எங்கள் தெரு சித்தப்பா ஒருவர் கவுண்ட்டருக்கு வந்தார். தெருவில் பார்த்தால் 'ஏண்டா தம்பி, சாப்ட்டியா' என்று கேட்பவர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை 'சார்' என்றார். டி.பி.க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 2018 ஏப்ரலிலிருந்து நோயாளிகளின் சாப்பாட்டுச் செலவுக்கென்று மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கணக்கில் போட்டுவந்தது. அவருக்கும் பணம் வந்திருந்தது. எடுக்கத்தான் முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் வரவுசெலவு இல்லாத கணக்கு என்று கம்ப்யூட்டர் பூட்டி வைத்திருந்தது. அவர் இருமினார். வரிசையில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். 'ஆதார் ஜெராக்ஸ், ரெண்டு போட்டோ எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க' என்றேன்.

நாளைக்கு என்றால் ஒரு நாள் கூலி போச்சு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கூலிக்காரன் மகன்தான் நானும்.

அவர் வரவில்லை. கரும்பு வெட்ட வெளியூர் போய்விட்டார். மாத்திரை நின்றது. சில மாதத்தில் செத்துப்போனார். சித்தி கைநாட்டு வைத்து அந்தக் கணக்கை முடித்த அன்று அதில் 1,500 ரூபாய் கிடந்தது. அந்த வாரம் அவரைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்றார்கள் நண்பர்கள். ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்திருக்க வேண்டியவன் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன்.

அதே வருஷம் ஒன்றிய அளவில் காசநோய் ஒருங்கிணைப்புக் கூட்டம் ஒன்று நடந்தது. வங்கியின் சார்பில் என்னை அனுப்பினார்கள். அதிகாரிகள், டாக்டர், தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர்கள் எல்லாரும் இருந்தார்கள். தனி ஊராட்சியின் தலைவி, நம் பெண், ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பதிலாகத் துணைத்தலைவர் உட்கார்ந்து பேசினார். எக்ஸ்ரே வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வந்தது. கோயில் திடல் என்று முடிவானது. அங்கே நிழல் இருக்கிறதாம், கரண்ட் இருக்கிறதாம். அந்தத் திடலில் நாங்கள் கால் வைக்க முடியாது என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. முகாமுக்குக் காலனியிலிருந்து நாலைந்து பேர்தான் போனார்கள். 'உங்காளுங்களுக்கு விழிப்புணர்வே இல்லப்பா, மாத்திரையையும் ஒழுங்கா போடமாட்டாங்க' என்றார் ஒருவர்.

இதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் ஒரு சோதனை செய்தது. நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தார்கள். மறு பாதிக்கு அவரவர் வீட்டிலேயே மாத்திரை. நெருக்கடியான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் பூராவும் காசநோய் வைத்தியத்தை மாற்றியது. சென்னையின் ஏழைகள்தான் உலகத்துக்கு அந்தப் பாடத்தைச் சொன்னார்கள். மருந்து வீடு தேடி வந்தால், தொடர்ந்து விசாரிக்க ஆள் இருந்தால், நம் சனம் ஒழுங்காகத்தான் சாப்பிடும். கிடைக்கும்படி வைக்காமல் ஒழுங்கைப் பற்றிப் பேசுவது ஆதிக்க சாதிப் புத்தி.

காசநோய்க் கிருமி சாதி பார்க்காது என்பார்கள். வாஸ்தவம், கிருமி பார்க்காது. ஆனால் காற்று வராத வீடும் கால்வயிற்றுக் கஞ்சியும் சாதி பார்த்துத்தான் பங்கு போடப்பட்டிருக்கின்றன. ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. நோயாளிக்கு மட்டுமல்லாமல் வீட்டில் உள்ள எல்லாருக்கும் அரிசியும் பருப்பும் கொடுத்தபோது, அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சோறும் தடுப்பு மருந்துதான். 2024 நவம்பரிலிருந்து அந்த 500 ரூபாய் 1,000 ஆகியிருக்கிறது. நல்லது. கணக்கு பூட்டிக் கிடந்தால் 500 என்ன, 1,000 என்ன? 2025க்குள் நோயை ஒழிப்போம் என்று 2018இல் டெல்லியில் அறிவித்தார்கள். நோய் ஒழியவில்லை.

அடுத்த முறை நாங்கள் சும்மா இருக்கவில்லை. இரவுப் பாடசாலைப் பிள்ளைகளும் கிராம செவிலியர் அக்காவும் சேர்ந்து போய்ப் பேசினார்கள். வண்டி பாடசாலை வாசலில் நின்றது, அதுவும் வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு சாயங்காலத்தில். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்களைப் பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். விடிகாலையில் சளி டப்பாக்களை ஒரு தம்பி சைக்கிளில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனான். நோய் உறுதியான வீட்டில் மற்றவர்களையும் பரிசோதித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி விடுமுறை. அந்த நாட்களில் படிவங்களோடு நான் பாடசாலைத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன். ஜெராக்ஸ் எடுத்து வருவதும் எங்கள் பொறுப்பு.

நமக்குள்ளும் ஒன்றைப் பேச வேண்டும். இருமுகிறவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிற வீடுகள் நம் தெருவிலும் இருக்கின்றன. டீக்கடைத் தனி டம்ளரை எதிர்த்து அடிபட்டவர்கள் நாம். தட்டிலும் டம்ளரிலும் டி.பி. ஒட்டாது. காற்றில்தான் பரவும். மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் பெரும்பாலோரிடமிருந்து பரவுவதும் நின்றுவிடும். ஜன்னலைத் திறப்போம், மனுசனை ஒதுக்க வேண்டாம்.

அரசிடம் நாம் கேட்பது பெரிய காரியமில்லை. முகாம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் நோய் அதிகமுள்ள தெருக்காரர்கள் தீர்மானிக்கட்டும். ஒருங்கிணைப்புக் குழுவில் குணமானவர்களுக்கும் நம் பெண்களுக்கும் நாற்காலி வேண்டும். பணம் வந்து எடுக்க முடியாத கணக்குகளின் பட்டியலை ஒவ்வொரு மாதமும் வங்கியும் சுகாதாரத் துறையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாத்திரையை எண்ணுகிறவர்கள் வீட்டில் உலை வைத்தார்களா என்றும் கேட்க வேண்டும்.

வங்கியில், ஆஸ்பத்திரியில், தாலுகா ஆபீசில் உட்கார்ந்திருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இடஒதுக்கீடு நமக்கு நாற்காலி கொடுத்தது. கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற சித்தப்பாவை 'நாளைக்கு வா' என்று அனுப்புவதற்கு அல்ல. உங்கள் ஊரில் எக்ஸ்ரே வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.

ஜெய்பீம்.