தோட்டத்துக் கதைக்குத் திரை எங்கே?

உள்ளூர்த் தமிழ்ப் படம் என்றாலே நம்மவர்களின் பேச்சு இரண்டு கேள்விகளைத் தாண்டுவதில்லை. எத்தனை திரையரங்குகளில் ஓடியது? போட்ட பணம் திரும்பி வந்ததா? இந்த இரண்டுக்கும் வெளியே, வசூலை நம்பாமல் படம் எடுக்க இந்நாட்டில் ஒரு வழி 20 ஆண்டுகளுக்கு மேலாகத் திறந்திருக்கிறது. அந்த வழியில் நம் சமூகம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதை இப்போதாவது யோசித்துப் பார்க்க வேண்டும்.

புசாட் கோமாஸ் என்ற மனித உரிமை அமைப்பு 2003ஆம் ஆண்டு ஃபிரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் என்னும் ஆவணப்பட விழாவைத் தொடங்கியது. அந்த முயற்சி வளர்ந்து, 2017இல் ஃபிரீடம் ஃபிலிம் நெட்வொர்க் என்ற தனி அமைப்பானது. இது இலாப நோக்கமற்றது. படம் எடுக்க விரும்புவோரிடம் கதைத் திட்டங்களைக் கேட்கிறது. தேர்வானவர்களுக்கு நிதியும் அனுபவசாலிகளின் வழிகாட்டுதலும் தருகிறது. முடிந்த படத்தை விழாவில் திரையிடுகிறது. பிறகு பினாங்கு, ஜொகூர் பாரு, கூச்சிங் என்று படம் ஊர் ஊராகப் போகிறது. படம் முடிந்ததும் பார்வையாளர்களோடு கலந்துரையாடலும் உண்டு.

இதன் பலன் என்ன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, ஃபாமி ரெசா 2007இல் எடுத்த '10 தாஹுன் செபெலும் மெர்டேகா'. 1947ஆம் ஆண்டு நாடு தழுவிய ஹர்த்தாலைப் பற்றிய ஆவணப்படம் இது. எல்லா இனத்தவரும் சேர்ந்து நடத்திய அந்தக் கடையடைப்பு பள்ளிப் பாடப்புத்தகத்தில் பெரிதாகப் பேசப்பட்டதில்லை. அந்த வரலாற்றைப் புதிய தலைமுறையிடம் கொண்டு சேர்த்தது பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. இந்தச் சிறிய படம்தான்.

நிதி மட்டும் போதுமா?

பணம் கிடைத்துவிட்டால் படம் மக்களிடம் போய்விடும் என்று சொல்வதற்கில்லை. அதை நம்மோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு வழக்கே காட்டியது.

இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில் தமிழர்களுக்கு நேர்ந்ததைப் பதிவு செய்த படம் 'நோ ஃபயர் ஸோன்'. 2013 ஜூலையில் கோலாலம்பூரில் உள்ள சீன அசெம்பிளி மண்டபத்தில் கோமாஸ் அதைத் திரையிட்டது. உள்துறை அமைச்சின் அதிகாரிகள் மண்டபத்துக்கே வந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், அந்த அமைப்பில் பணியாற்றிய லீனா ஹென்ரி மீது 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 6ஆவது பிரிவின் கீழ் குற்றம் சாட்டப்பட்டது. 2016 மார்ச்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சில மாதங்களிலேயே உயர் நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. 2017இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. ஒரு மாலைத் திரையிடலுக்கு மூன்றரை ஆண்டு வழக்கு.

நம் இனத்தின் துயரத்தைக் காட்டியதற்காக நீதிமன்ற வாசலில் நின்றது ஒரு மனித உரிமை அமைப்பு. பெயரிலும் மேடையிலும் தமிழை முழங்கும் நம் சங்கங்களில் எத்தனை அன்று அதற்குத் தோள் கொடுத்தன என்பதை அவரவர் நினைவுக்கே விட்டுவிடலாம்.

அந்த 6ஆவது பிரிவு சொல்வது எளிமையானது: தணிக்கை வாரியம் அங்கீகரிக்காத படத்தை வைத்திருக்கக் கூடாது, தயாரிக்கக் கூடாது, திரையிடக் கூடாது. மீறினால் 30,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. பெரிய திரையரங்கோ சிறிய மண்டபமோ, வணிகமோ இலவசமோ, தப்ப இடமில்லை என்பதையே லீனா வழக்கு காட்டியது. பெரிய நிறுவனத்துக்குத் தணிக்கை என்பது ஓர் அலுவலக வேலை. கையில் கேமராவை மட்டும் வைத்திருக்கும் இளைஞருக்கு அது மலை.

2021இல் நிலைமை வேறு வடிவம் எடுத்தது. போலீஸ் காவலில் நடந்ததாகக் கூறப்படும் வதையைச் சித்திரிக்கும் ஓர் அனிமேஷன் குறும்படத்தை ஃபிரீடம் ஃபிலிம் நெட்வொர்க் வெளியிட்டது. ஜூலையில் அதன் அலுவலகத்திலும் ஓவியரின் வீட்டிலும் போலீஸ் சோதனை நடத்தியது. தடுப்புக் காவல் மரணங்கள் இந்தியக் குடும்பங்களை உலுக்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. அந்தக் குறும்படம் பேசியது யாருடைய பயத்தை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

'ஜகாட்' காட்டிய பாதை

கதைப்படத் துறையிலும் மொழி ஒரு வேலியாகவே இருந்தது. ஷான்ஜெய் குமார் பெருமாள் இயக்கி 2015 டிசம்பரில் வெளிவந்த 'ஜகாட்', தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே போய் நின்றார்கள் என்பதைச் சொன்னது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியில் இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்று அறிவிப்பு வந்தது. மலாய்க் கலைஞர்களே அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். விதி மாறியது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான சிறந்த மலேசியப் படம் என்ற விருதை 'ஜகாட்' வென்றது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. தமிழில் எடுத்தாலும் அது மலேசியப் படம்தான் என்பது ஒன்று. வேலியைத் தனியாக யாரும் தகர்க்க முடியாது, பிற இனக் கலைஞர்களோடு சேர்ந்துதான் முடியும் என்பது இன்னொன்று. சுயாதீனப் பட அமைப்புகள் முக்கியமாவது இங்கேதான். சீன, மலாய், தமிழ், பூர்வகுடி இளைஞர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து கதை பேசும் இடங்கள் இந்நாட்டில் அதிகம் இல்லை.

இந்த அமைப்புக்கும் எல்லை உண்டு. மனித உரிமையும் சமூக நீதியும் அதன் களம். காதல் கதையோ நகைச்சுவைப் படமோ எடுக்க நினைப்பவருக்கு இந்தக் கதவு பொருந்தாது. அவர் ஃபினாஸ் போன்ற அரசு நிறுவனங்களையும் தனியார் முதலீட்டையுமே நாட வேண்டும்.

ஆனால் தோட்டத்துக் கதை இந்தக் களத்துக்குள் அப்படியே அடங்கும். வீடமைப்புத் திட்டத்துக்காகக் காலி செய்யப்பட்ட லயம், இடம் பெயர்ந்த கோயில், மாணவர் குறைந்துபோன தமிழ்ப்பள்ளி, அடையாள அட்டை இல்லாத பிள்ளை, சிவப்பு அடையாள அட்டையோடே முதுமை அடைந்த பாட்டி: ஒவ்வொன்றும் ஓர் ஆவணப்படம். பால்மரம் வெட்டிய கைகளுக்கு இப்போது 70, 80 வயது. அவர்கள் போன பிறகு நிதி கிடைத்துப் பயனில்லை.

1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் துண்டாடலை எதிர்த்துத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தப் பழக்கம் நம் இரத்தத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் விருந்துக்கும் மாலை மரியாதைக்கும் செலவழிக்கும் சங்கங்கள், அதில் ஒரு பங்கை ஊர் இளைஞரின் ஆவணப்படத்துக்கு ஒதுக்கலாம். படத்தைத் தணிக்கைக்கு அனுப்பும் வேலையைச் சங்கச் செயலாளர் எடுத்துக்கொள்ளலாம். கோயில் மண்டபத்தை ஒரு மாலைக்குத் தரலாம்.

சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தின் வேலை. அதைக் கேட்டு வாங்குவது எல்லா இனத்தவரின் வேலை. பாட்டியின் கதையை அவர் குரலிலேயே பதிவு செய்வது நம் வேலை. அதற்கு யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.