கடைசலுக்குக் காய்ந்த மரம் வேண்டும்

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானைக் கையில் எடுத்ததும் கண்ணைப் பறிப்பது அரக்கின் மினுமினுப்பு. கடைசல் இயந்திரத்தில் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அது இளகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். மத்தும் பூரிக்கட்டையும் பிறப்பது கடைசலில்தான்.

இந்தத் தொழிலைக் காப்பது பற்றிய பேச்செல்லாம் கண்காட்சி, புதிய வடிவம், புவிசார் குறியீடு என்றே போகிறது. கர்நாடகத்தின் சன்னபட்டணக் கடைசல் பொம்மைகளுக்குக் குறியீடு கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. குறியீடு பெயரைக் காக்கும். பட்டறைக்கு நன்றாகக் காய்ந்த மரம் கொண்டுவந்து தராது.

பச்சை மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைவிட, வளையத்தின் போக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். ஆகவே ஈரமரத்தில் வட்டமாகக் கடைந்த கிண்ணம் சில வாரங்களில் கோணிக்கொள்ளும். டப்பாவின் மூடி இறுகும். மத்தின் தலை காம்பில் நில்லாமல் ஆடும். வாங்கியவர், மரச்சாமானே இப்படித்தான் என்று எவர்சில்வருக்குத் திரும்பிவிடுகிறார். பழியெல்லாம் கடைசல்காரர் தலையில். மரத்தை மாதக்கணக்கில் நிழலில் அடுக்கி வைக்க இடமும், அதுவரை முடங்கும் பணமும் அவருக்கு யார் தருவது?

மரத்துக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சன்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாகாவிலும் மரபாகக் கடைவது வெட்பாலை மரத்தைத்தான். நமக்கோ அது தோல் நோய் எண்ணெய்க்கு இலை பறிக்கும் மரம், அவ்வளவே. வறண்ட நிலத்திலும் வளரும். வெளிர்நிறம், நெருங்கிய இழை, அரக்கை நன்றாக ஏற்கும். சிறு பொருளுக்குப் பெருத்த அடிமரமும் தேவையில்லை.

பட்டறைகள் உள்ள ஊர்களின் புறம்போக்கில் வெட்பாலையை நடலாம். காற்றோட்டமான பொது உலர்கொட்டகை ஒன்றைக் கட்டி, காய்ந்த கட்டையை எடைபோட்டுச் சில்லறையாகத் தரலாம். கண்காட்சிப் பந்தலுக்கு ஆகும் செலவை முதலில் இந்தக் கொட்டகைக்குத் திருப்ப வேண்டும் என்பேன். வாங்குகிற நாமும் விலையைக் கேட்பதற்கு முன்னால், மரம் எத்தனை மாதம் காய்ந்தது என்று கேட்கத் தொடங்கலாம்.