விளையாட்டும் ஆசீர்வாதமே



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்ததும் பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பிவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். விளையாட்டை வீண் என்கிறோம்.

நம் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கத்தை நினைத்துப் பாருங்கள். 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் நடந்த காமன்வெல்த் போட்டிகளில், 77 கிலோ எடைப் பிரிவு பளுதூக்குதலில் தங்கம் வென்றவர். அவருடைய தந்தையும் பளுதூக்கும் வீரரே. இராணுவத்தில் பணியாற்றிப் பின்னர் காவலாளியாக உழைத்தவர். மகனுக்கு முதல் முன்மாதிரி வீட்டிலேயே இருந்தது.

எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் பெறப்போவதில்லை. பெறவேண்டிய தேவையும் இல்லை. சகரியா 8ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். எருசலேம் மீண்டும் செழிக்கும் என்பதற்கு அடையாளமாக, தெருக்களில் விளையாடும் சிறுவர் சிறுமியரையே தேவன் காட்டுகிறார். அவர் ஆசீர்வாதமாகக் காண்பதை நாம் வீண் என்று சொல்லலாமா?

தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் உழைத்துக் களைத்து வீடு திரும்புகிறீர்கள் என்பதை அறிவேன். ஆயினும், வெயில் தாழ்ந்தபின் அரை மணி நேரமாவது பிள்ளைகளோடு மைதானத்துக்குச் செல்லுங்கள். பெண்பிள்ளைகளை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். தோற்ற பிள்ளையைத் தேற்றவும், வென்ற பிள்ளைக்குத் தாழ்மையைக் கற்பிக்கவும் அதைவிட நல்ல இடம் இல்லை.

கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.