விளையாட்டிலும் பகல் குறுக வேண்டும்

கணிப்பொறி விளையாட்டு என்றதும் பெரியோர் முகம் சுளிப்பதை நாங்கள் அறிவோம். சுடுவதும் துரத்துவதும் தவிர அதில் வேறொன்றும் இல்லை என்று எண்ணுவோர் பலர். ஆனால் குடியேற்றம் அமைக்கும் விளையாட்டு என்று ஒரு வகை உண்டு. வெறும் நிலத்தில் சிலரைக் குடியேற்றி, வீடு கட்டி, பயிர் வைத்து, குளிர்காலத்துக்குத் தானியம் சேர்த்து, ஒருவரும் பட்டினியால் மடியாமல் காப்பதே அதில் ஆடுபவரின் வேலை. ஏறக்குறைய நம் அம்மாக்களின் வேலைதான்! அத்தகைய விளையாட்டில் பருவத்துக்கேற்பப் பகற்பொழுது நீளவும் குறுகவும் வேண்டும் என்பது எங்கள் கட்சி.

2014-ஆம் ஆண்டு வெளிவந்த 'பானிஷ்ட்' என்னும் விளையாட்டைப் பாருங்கள். பனி கொட்டுகிறது, விறகு இல்லாத வீட்டில் மக்கள் விறைத்துச் சாகிறார்கள். ஆனால் அங்கே இரவு என்பதே வருவதில்லை! குளிர்காலம் எப்படி வருகிறது? பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால், ஆண்டின் ஒரு பகுதியில் சூரியன் தாழ்ந்து செல்கிறது, பகல் குறைகிறது, அதனால் நிலம் குளிர்கிறது. காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் காட்டுவது, அடுப்பு மூட்டாமலே சோறு பொங்கியது என்பது போலன்றோ?

இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது 'ரிம்வேர்ல்ட்' என்னும் விளையாட்டு. கனடா நாட்டவரான டைனான் சில்வெஸ்டர் உருவாக்கியது. 2018-இல் முழு வடிவில் வெளிவந்தது. (அதில் சண்டையும் இரத்தமும் உண்டு. அவற்றுக்காக நாங்கள் வாதாடவில்லை. வீட்டில் அண்ணன்மார் ஆடும்போது, சண்டை வந்தால் நாங்கள் எழுந்து போய்விடுவோம்.) உருண்டையான ஒரு கற்பனைக் கோளில் நமக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். நடுக்கோட்டின் அருகே என்றும் கோடை. தெற்கே போனால் பருவங்கள் தலைகீழ். துருவத்தை நெருங்கினால் குளிர்காலத்தில் சூரியன் உதிப்பதே இல்லை. நார்வே நாட்டின் டிராம்சோ நகரில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை இதுதானே நிலைமை!

அங்கே வேடிக்கை முடிந்து கணக்கு தொடங்குகிறது. விளையாட்டின் சோலார் பலகை ஒன்று நல்ல வெயிலில் 1,700 வாட் தருகிறது. அறைக்குள் பயிர் வளர்க்கும் விளக்கு ஒன்றுக்கு 2,900 வாட் வேண்டும். ஆக, ஒரு விளக்குக்கு இரண்டு பலகைகள். அதுவும் வெயில் இருந்தால். சூரியன் எழாத நாளில் இருநூறு பலகைகள் இருந்தும் என்ன பயன்? காற்றாலைக்கோ விறகுக்கோ கோடையிலேயே வழி தேடியாக வேண்டும். குளிரை மட்டும் காட்டும் விளையாட்டு ஒருநாளும் இந்த முன்யோசனையைக் கேட்காது.

ஆயினும் இவ்விளையாட்டு பாதி வழியில் நின்றுவிட்டது என்பது எங்கள் மனக்குறை. அதன் வானம் சூரியனைப் பார்த்து நடக்கிறது. அதன் செடிகளோ கடிகாரத்தைப் பார்த்து நடக்கின்றன! காலை ஆறு மணிக்கு விழித்து, மாலை ஏழு மணியளவில் உறங்கிவிடுகின்றன. துருவக் கோடையில் நள்ளிரவிலும் வெயில் காய, பயிர் மட்டும் படுத்துக்கிடக்கிறது. உண்மை உலகில் அப்படியா? அலாஸ்காவில் பாமர் என்னும் ஊர் இருக்கிறது. கோடையில் அங்கே சுமார் 19 மணி நேரம் பகல். 2012-இல் அவ்வூர்ச் சந்தைக்கு வந்த முட்டைக்கோஸ் ஒன்று 62 கிலோவுக்கு மேல் எடை இருந்தது. எங்களில் எவரும் அவ்வளவு எடை இல்லை!

நெல்லின் கதை இன்னும் நுட்பமானது. பகலின் நீளத்தைக் கொண்டே பல செடிகள் பூக்கும் காலத்தை அறிகின்றன என்று 1920-இல் கார்னர், அல்லார்டு என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்துக் காட்டினார்கள். நெல்லும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. தஞ்சைப் பகுதியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரமே வித்தியாசம். நமக்கு அது தெரிவதுகூட இல்லை. ஆனால் பழைய சம்பா நெல் வகைகளுக்குத் தெரியும். அவற்றை முன்கூட்டி விதைத்தாலும், பகல் குறுகும்வரை காத்திருந்தே கதிர் விடும். குறுவையில் விதைக்கும் குறுகிய கால வகைகளோ இதைப் பொருட்படுத்தாமல் நாட்கணக்கில் விளைந்துவிடும். எந்தப் பட்டத்துக்கு எந்த நெல் என்று தாத்தாமார் பிடிவாதம் பிடித்தது வெறும் பழக்கத்தால் அன்று. ரிம்வேர்ல்டிலும் நெல் உண்டு. அது எந்தப் பகலிலும் விளைகிறது. ஒரே ஒரு பயிரையாவது பகலை எண்ணும் பயிராக ஆக்கினால் என்ன?

எங்கள் வகுப்பிலேயே எதிர்க்கட்சி இருக்கிறது. "விளையாட்டுக்கு எதற்கடி இவ்வளவு பூகோளம்? இருண்ட திரையை யார் பார்த்துக்கொண்டிருப்பது?" என்கிறார்கள். அது தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. ரிம்வேர்ல்டில் ஒரு பருவத்துக்கு 15 நாட்கள். சாதாரண வேகத்தில் ஒரு நாள் கிட்டத்தட்ட 17 நிமிடம். ஆக, இருள்காலம் நான்கு மணி நேரத்துக்கு மேலும் நீளும். அலுப்புத்தான். ஆனால் டிராம்சோவிலேயே அந்நாட்களில் கும்மிருட்டு இல்லை. நண்பகலில் நீலநிற மங்கலொளி பரவுகிறது. அதைத் திரையில் காட்டினால் கண்ணுக்கும் அழகு. வேண்டாதவர் நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தானும் வைத்துவிடலாம்.

'துருவங்களில் ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு' என்று நாம் பரீட்சைக்கு உருப்போடுகிறோம். இரண்டு மதிப்பெண் கிடைக்கிறது. ஆனால் அந்த இரவில் ஒரு குடும்பம் எதைச் சாப்பிடும், எதை எரிக்கும் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. இந்த விளையாட்டு கேட்கிறது.

எதிர்க்கட்சித் தோழியர் இன்னும் இசையவில்லை. அவர்களுள் ஒருத்தி மட்டும் சென்ற வாரம் மெல்ல வந்து, துருவத்தருகே குடியேறினால் எத்தனை சோலார் பலகை வைக்க வேண்டும் என்று கேட்டாள். முதலில் விறகு சேர்த்து வை என்றோம்.