பாட்டு பாட்டியோடு போய்விடக் கூடாது



தவக்காலம் வருகிறது. பாலிங், கோலக்கெட்டில், கூலிம் வட்டாரத் தோட்டங்களை விட்டு டவுன் பக்கத்துத் தாமான்களில் குடியேறிய நம் கத்தோலிக்கக் குடும்பங்களிடம் பழைய பாட்டுகளைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும்.

லத்தீன் பூசையை அறிந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். சாமியார் பீடத்தைப் பார்த்தபடி பூசை வைக்க, சனங்கள் முழந்தாளிட்டுத் தமிழில் செபமாலை சொன்ன காலம் அது. நற்கருணை ஆசீரில் 'தாந்தும் எர்கோ'வைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து, நெஞ்சுருகிப் பாடினார்கள்.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டுச் சீர்திருத்த ஏட்டை வெளியிட்டது. அதன் பலனாகத் தமிழ் பீடமேறியது. ஆண்டவர் வார்த்தையை நம் மொழியில் கேட்பது பெரும் பேறு. அதை யாரும் இழக்கச் சம்மதிக்க மாட்டோம். ஆனால் பழைய பாட்டுகளைத் தூக்கியெறியச் சங்கம் சொல்லவே இல்லை. அதே ஏட்டின் 54ஆம் எண், மக்கள் தங்கள் பகுதிகளை லத்தீனிலும் பாடப் பழக வேண்டும் என்கிறது. 116ஆம் எண் கிரகோரியன் இசைக்கு முதன்மை தருகிறது. 119ஆம் எண் அந்தந்த மண்ணின் இசையை மதிக்கச் சொல்கிறது. 1969இல் புதிய பூசை முறையைத் தந்த திருத்தந்தை ஆறாம் பவுலே, 1974இல் எளிய லத்தீன் பாடல்களின் சிறு தொகுப்பை உலக ஆயர்களுக்கு அனுப்பிவைத்தார்.

பழைய பூசை முறைக்கு 2007இல் தாராள அனுமதி கிடைத்ததும், 2021இல் அது கட்டுப்படுத்தப்பட்டதும் நீங்கள் அறிந்ததே. நான் கேட்பதற்கு அந்த வழக்குத் தேவையில்லை. இன்றைய பூசையிலேயே பழைய பாட்டுகளுக்கு இடமிருக்கிறது. பெரிய வியாழன் இரவைப் பாருங்கள். 'உன்னதங்களிலே' பாடி முடிந்ததும் மணிகள் ஓய்ந்துவிடும், மரக்கட்டைதான் தட்டுவார்கள். சாம்பிராணிப் புகைக்கு நடுவே நற்கருணையை எடுத்துச் செல்லும் பவனியில் பாட, 13ஆம் நூற்றாண்டில் புனித அக்குவினா தோமையார் இயற்றிய, 'தாந்தும் எர்கோ'வைக் கடைசி அடிகளாகக் கொண்ட பாடலைத்தான் புதிய பூசை நூலும் குறிக்கிறது.

நம் நாட்டில் லத்தீன் பாட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. 1808இல் பினாங்குக்கு வந்த ஜெனரல் குருமடத்தில் வியட்நாமியரும் சீனரும் சயாமியரும் ஒன்றாகப் படிக்க லத்தீன்தான் பாலமாக இருந்தது. இன்று தமிழ், மலாய், மாண்டரின், ஆங்கிலம் என நான்கு மொழிக்காரர்கள் கூடும் பாஸ்கா இரவில் 'சாங்க்துஸ்' ஒன்றையாவது எல்லோரும் சேர்ந்து பாடலாமே!

ஆகவே பாடகர் குழுத் தலைவர்களே, இந்தத் தவக்காலத்தில் 'கீரியே', 'சாங்க்துஸ்', 'தாந்தும் எர்கோ' மூன்றையும் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பெரிய வெள்ளியில் மாதாவின் வியாகுலத்தை ஒப்பாரி மெட்டில் பாடத் தெரிந்த பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வரிகளை எழுதி எங்களுக்கும் அனுப்புங்கள். பாடியவர் பெயரோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்