வலியும் ஓர் அளவே

ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் 1960களில் எலும்பு மருத்துவராகப் பணியாற்றிய பி.கே. சேத்தி ஒன்றைக் கண்டு கலங்கினார். செயற்கைக் கால் பெற்றுச் சென்றவர்களில் பலர் அதைக் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் ஊன்றுகோலோடு நடமாடினர். கொடுத்ததன் அருமை அறியாதவர்கள் என்று கடிந்துகொள்ளாமல் அவர் காரணம் கேட்டார். மேலைநாட்டு முறையில் அமைந்த அந்தக் காலுக்குக் காலணி தேவைப்பட்டது. காலணியோடு கோயிலுக்குள் புக முடியாது. அடுக்களையில் நிற்க முடியாது. சேற்று வயலில் இறங்க முடியாது. சம்மணமிடவும் குந்தி அமரவும் அது இடம் கொடுக்கவில்லை. அம்முறையீடுகளைச் செவிமடுத்து, ராமச்சந்திர சர்மா என்னும் கைவினைஞரின் துணையோடு ரப்பரும் மரமும் கொண்டு 1968 அளவில் உருவாக்கப்பட்டதே ஜெய்ப்பூர் கால். சேத்திக்கு 1981இல் மகசேசே விருது கிட்டியது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத சர்மாவின் பெயரை நாடு அதே அளவுக்குப் போற்றவில்லை என்பது நமக்கு என்றும் உள்ள வருத்தம்.

அணிபவர் சொல்லைக் கேட்டுப் பிறந்த அந்தக் கால், இன்று அணிபவரைக் கேளாமலே வழங்கப்படும் நிலை பல இடங்களில் நிலவுகிறது. முகாமில் காலையில் அளவு, மாலையில் கால், மறுநாள் வேறோர் ஊர் என்று பணி விரைகிறது. வழங்குவோரின் நன்னோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும், உறுப்பிழந்தவருக்கும் அவருக்குச் செயற்கை உறுப்பைப் பொருத்தும் வல்லுநருக்கும் இடையே பல்லாண்டு நீடிக்க வேண்டிய உறவை ஒரு நாளில் தொடங்கி அன்றே முடித்துவிடுவது மருத்துவமும் ஆகாது, அறமும் ஆகாது.

பொருத்தும் பணியின் இயல்பை அறிந்தோர் இதை மறுக்க மாட்டார்கள். முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவருக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, எஞ்சிய காலை ஏற்கும் சாக்கெட்டை வடிக்கிறார்கள். முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள தசைநார் எடையைத் தாங்கும். கணைக்கால் எலும்பின் விளிம்போ, வெளிப்புறச் சிற்றெலும்பின் தலைப்பகுதியோ அழுத்தத்தைத் தாங்காது. சிறு பிழை நேர்ந்தாலும் தோல் புண்ணாகும். முதல் சில மாதங்களில் வீக்கம் வடிந்து எஞ்சிய கால் சுருங்கச் சுருங்க, நேற்றுப் பொருந்திய சாக்கெட் இன்று தளர்ந்துவிடும். அப்போது கூடுதல் உறை அணிந்து ஈடுகட்ட வேண்டும். அதற்கும் அடங்காதபோது புதிய சாக்கெட்டே தேவைப்படும். வளரும் குழந்தைக்கு இத்தேவை மேலும் விரைந்து வரும். ஆகவே முதன்முறை எடுத்த அளவு எத்துணைச் செம்மையானதாயினும் அது தற்காலிகமானதே.

அடுத்தடுத்த அளவுகளை நாடாவால் மட்டும் எடுத்துவிட முடியாது. 'இங்கே உறுத்துகிறது' என்று அணிபவர் சொல்லும் சொல்லே அவற்றுள் தலையாயது. அதற்கு நம் பொருத்தறைகளில் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி 'போகப் போகப் பழகிவிடும்' என்பது. பழகக்கூடிய உறுத்தல் உண்டு என்பது உண்மை. பழகாத, பழகக்கூடாத உறுத்தலும் உண்டு. எது எவ்வகை என்று பகுத்து விளக்குவது வல்லுநரின் கடமை. விளக்கம் பெறாதவர் வீடு திரும்பிச் சாக்கெட்டுக்குள் பழந்துணியைத் திணித்துக்கொள்கிறார். சில நாளில் காலையே கழற்றி வைத்துவிடுகிறார். இலவசமாகப் பெற்றதைக் குறைகூறலாமா என்ற தயக்கம் ஏழைகளின் வாயை அடைக்கிறது. இந்தத் தயக்கத்தை உணர்ந்து, அவர்கள் சொல்லாமலே கேள்வி எழுப்ப வேண்டியவர் எதிரே அமர்ந்திருப்பவர்தான்.

நீரிழிவால் காலை இழந்தோர் நிலை இன்னும் கவலைக்குரியது. நரம்பு மரத்துப்போன தோலில் புண் வந்தாலும் வலி தெரியாது. முறையிட அவருக்கு வலியே இல்லாதபோது, கண்ணாடி கொண்டு நாள்தோறும் தோலைச் சோதிக்கக் கற்பிப்பதும், குறித்த நாளில் வரவழைத்துப் பார்ப்பதும் வல்லுநர் மேல் விழும் பொறுப்பு. அது தவறினால் முழங்காலுக்குக் கீழே நின்ற இழப்பு முழங்காலுக்கு மேலே ஏறக்கூடும்.

பெண்களின் துயரம் பேசப்படுவதே அரிது. தொடையில் காலை இழந்தவருக்கு இடுப்பெலும்பின் அடிப்பகுதி வரை தொட்டு அளவெடுக்க வேண்டும். திரையில்லாத கூடத்தில், ஆண் பணியாளர் முன்னிலையில் அதற்கு உடன்பட நாணி, காலே வேண்டாம் என்று திரும்பும் பெண்ணை யார் பழிப்பது? காபூலில் 1988 முதல் செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழு நடத்திவரும் மையத்தில் பெண்களுக்குப் பெண்களே பொருத்துகிறார்கள். அல்பெர்ட்டோ கைரோ நெடுங்காலம் வழிநடத்திய அம்மையத்தின் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் தாமே மாற்றுத்திறனாளிகள். காலை இழந்து வருபவரைக் காலை இழந்தவரே வரவேற்று அளவெடுக்கும் அந்த ஏற்பாட்டைப் போரால் நொந்த ஒரு தேசம் செய்துகாட்டியிருக்கிறது. அமைதியில் வாழும் நாம் அதைச் செய்யாதிருக்கக் காரணம் ஏதுமில்லை.

பணம் கொடுத்து வாங்குவோர்க்கும் காப்பு வேண்டும். அறுவை நடந்த சில நாளிலேயே படுக்கையருகே வந்து, தேவையை ஆராயாமல், பல இலட்ச ரூபாய் விலையுள்ள மின்னணு முழங்காலைப் பரிந்துரைப்பது தொழிலறமன்று. வரப்பில் நடப்பவர், தறியில் அமர்பவர், மாடியேறி வேலைக்குச் செல்பவர் ஆகியோரின் தேவைகள் வெவ்வேறு. விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன் ஜெய்ப்பூர் காலோடு 1984இல் மீண்டும் நாட்டிய மேடை ஏறினார். அவருக்கு வேண்டியிருந்தது ஆடுதற்குரிய கால். 'இந்தக் காலைக் கொண்டு என்ன செய்ய விழைகிறீர்கள்?' என்பதே விலைப்பட்டியலுக்கு முன் எழ வேண்டிய கேள்வி.

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் இத்துறையினர் தகுதி பெற்றுப் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது. உலக நலவாழ்வு அமைப்பு 2017இல் வெளியிட்ட தரநெறிகள் பயனாளியை மையமாகக் கொண்ட சேவையையும் தொடர் கவனிப்பையும் வலியுறுத்துகின்றன. நெறிகளுக்குக் குறைவில்லை. ஆதலால் தமிழக அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. பொதுப்பணத்தில் கால் வழங்கும் எந்த முகாமும், ஓராண்டுக் காலத் தொடர் கவனிப்புக்கு உறுதி தந்த பின்னரே இசைவு பெற வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைதோறும் சாக்கெட்டைத் திருத்தும் பட்டறையும், பெண் வல்லுநர் ஒருவரும், திரையிட்ட அளவறையும் அமைய வேண்டும். திருத்தத்துக்காக வந்து செல்லும் நாளின் கூலியிழப்பையும் பயணச் செலவையும் காப்பீட்டுத் திட்டம் ஏற்க வேண்டும். வழங்கிய கால்களின் எண்ணிக்கையோடு, ஓராண்டு கழித்தும் அணியப்படும் கால்களின் எண்ணிக்கையையும் அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.