மழையில் பாருங்கள் வீட்டை

கொழும்பில் வீடு வாங்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது விலையைப் பற்றித்தான். நான் முதலில் கேட்பதோ, அவ்வீட்டை மழைக்காலத்தில் பார்த்தீர்களா என்பதே.

2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் வீடுகள் நீரில் மூழ்கின. பெப்ரவரி வெயிலில் அவ்வீடுகளைப் பார்ப்பவருக்குக் குறையேதும் தென்படாது. புதிதாக வர்ணம் பூசிய சுவர் வெள்ளம் நின்ற உயரத்தைச் சொல்லாது, அயலவர் சொல்வர்.

ஆகவே, தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே, ஜூன் மாதங்களில் நேரில் சென்று பாருங்கள். புலம்பெயர்ந்து வாழ்வோர் நம்பிக்கையான உறவினரை அனுப்புங்கள். தரகர் அனுப்பும் படங்களை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். சட்டத்தரணி மூலம் காணிப் பதிவகத்தில் உறுதியைச் சரிபார்ப்பதும் அவசியமே. ஆயினும் உறுதி காட்டுவது உரிமையை மட்டும். வெள்ளம் வரும் வழியை அல்ல. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டுமுன் ஒரு மழைக்காலம் பொறுத்திருப்பதால் நட்டமில்லை.